வங்கிக் கிளை வேலையில் மனநிறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுத்துறை வங்கியில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன கிளார்க்குகளும் அதிகாரிகளும் பயிற்சி வகுப்புகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வகுப்பு நடக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். இடைவேளையில் டீ கிளாஸோடு ஓரமாக வந்து கேட்பார்கள். வேலையை விடும் எண்ணம் இல்லாமல், இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் நிம்மதியாக இருக்க வழி தேடுபவர்களுக்காக எழுதியது. விடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பதில் இருக்கிறது.

கோச்சிங் போய், ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு எழுதி, தவமிருந்து வாங்கிய வேலை. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்கு மட்டும் ஏன் வயிற்றைப் பிசைகிறது?

சம்பளம், நிரந்தரம், ஊரில் மரியாதை எல்லாம் ஒரு கணக்கு. வேலையில் திருப்தி வேறு கணக்கு. 1950களின் கடைசியில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 என்ஜினீயர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துப் பேசினார். வேலையில் மிக நன்றாக உணர்ந்த ஒரு சமயம், மிக மோசமாக உணர்ந்த ஒரு சமயம், இரண்டையும் சொல்லச் சொன்னார். மோசமான சமயம் என்று அவர்கள் சொன்னதில் நிர்வாகக் கெடுபிடி, மேலதிகாரி, சம்பளம் போன்றவை அதிகம் வந்தன. நல்ல சமயத்தில் வந்தது வேறு: ஒன்றைச் செய்து முடித்தது, அதை நாலு பேர் ஒத்துக்கொண்டது, பொறுப்பு கைக்கு வந்தது. சம்பளம் சரியாக இருந்தால் புலம்பல் குறையும், ஆனால் அதுவே திருப்தியைக் கொண்டுவந்துவிடாது என்பது அவர் கண்ட முடிவு.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. நல்லது நடந்தால் ‘நான் செய்தேன்’ என்பதும், கெட்டது நடந்தால் ‘மேனேஜர் சரியில்லை’ என்பதும் மனித சுபாவம்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு இதில் பதில் இருக்கிறது. வீட்டில் பெருமைப்படுவது முதல் கணக்கைப் பார்த்து. உங்களுக்கு இடிப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பி.இ. முடித்துவிட்டு பாஸ்புக் பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். படித்தது வீணா?

பாஸ்புக் பிரிண்ட் போட பல கிளைகளில் மெஷின் வந்துவிட்டது. மெஷினால் தீர்க்க முடியாதவை இன்னும் கவுன்டருக்குத்தான் வருகின்றன. ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர். அப்பா இறந்து 12 வருடம் கழித்துப் பெட்டியில் கிடைத்த டெபாசிட் ரசீது. பத்து வருடம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசு கேட்டால் வங்கி வழியாகத் திரும்ப வாங்கித் தரலாம். இப்படிப்பட்ட பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று தேடுவதற்கு 2023இல் உத்கம் என்ற இணையதளமே திறந்தார்கள். ஒரு சிக்கலை முனையிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் என்ஜினீயரிங் படித்தவருக்கு இருக்கும். கிளையில் அந்த மாதிரி ஃபைல்களை யாரும் தொட விரும்ப மாட்டார்கள். நீங்கள் கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேலை பிடிக்கவில்லை என்று மொத்தமாகச் சொன்னால் எதையும் செய்ய முடியாது. எந்த மணி நேரம் பிடிக்கவில்லை என்று தெரிய வேண்டும். இரண்டு வாரம், கேஷ் டேலி ஆகி டே-எண்ட் முடிந்ததும், டைரியில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று நேரம் போனதே தெரியாமல் செய்தது எது, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது எது. காரணம் எழுத வேண்டாம், காரணம் எழுத உட்கார்ந்தால் புலம்பலாகிவிடும்.

எழுதியவர்கள் பெரும்பாலும் ஆச்சரியப்படுவது ஒரு விஷயத்தில்தான். கூட்டம் அலைமோதிய நாள் மோசமான நாளாக இருக்காது. மகளிர் உரிமைத்தொகை வரவு வைத்த மறுநாள் கிளை நிரம்பி வழிந்திருக்கும், கை ஓய்ந்திருக்காது, ஆனால் டைரியில் ‘பரவாயில்லை’ என்று இருக்கும். கூட்டமே இல்லாமல், மதியம் மூன்று மணிக்கு வட்டார அலுவலகத்திலிருந்து ‘இன்றைய நம்பர் என்ன’ என்று போன் வந்த நாள்தான் ‘மோசம்’ என்று இருக்கும். பிரச்சினை வேலைச் சுமையா, அல்லது வேறு ஏதாவதா என்று அப்போது புரியும்.

வேறு எது? டார்கெட்டைத்தானே சொல்கிறீர்கள்?

ஆமாம். வங்கியில் மனம் வெறுத்துப்போனவர்களிடம் பேசினால் பத்தில் எட்டு பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். காலையில் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல், மதியம் ரிவ்யூ, சாயங்காலம் ‘ஜீரோ’ போட்ட கிளைகளின் பெயர். இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு, அடல் பென்ஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேம்பெய்ன்.

இதை விரும்பக் கற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணிக்கையை விரும்ப முடியாது. அந்த எண்ணிக்கைக்குள் எதை விற்கிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த 70 வயதுக்காரரிடம் ஐந்து வருடம் கை வைக்க முடியாத யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது) பாலிசியைத் தலையில் கட்டினால் அன்றைய டார்கெட் முடியும். அதற்குப் பிறகு அவர் கிளைக்குள் நுழையும்போதெல்லாம் நீங்கள் குனிந்து ஃபைலைத் தேடுவீர்கள். மனநிறைவு போவது அந்த இடத்தில்தான். அதே வாரம், கட்டட வேலைக்குப் போகிற 35 வயதுக்காரரிடம் வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் போட வைத்தால், ரிவ்யூவில் அதற்குப் பெரிய கைதட்டல் இருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

நடைமுறையில் நான் சொல்வது மூன்று. முதலாவது, இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் கடன் என்று சொல்வதற்கு விதியில் இடமே இல்லை. யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள், பின்னால் புகார் வந்தால் கையெழுத்து உங்களுடையது. இரண்டாவது, நீங்கள் விற்ற ஆயுள் பாலிசி ஒவ்வொன்றிலும், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை நீங்களே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். இதைச் சொன்ன பிறகும் வைத்துக்கொண்டவர் உண்மையாகவே வேண்டி வாங்கியவர். மூன்றாவது, நல்லது என்று நீங்கள் நம்பும் இரண்டு மூன்று திட்டங்களில் கிளையிலேயே முதல் ஆளாக இருங்கள். மற்றவற்றில் சுமாராக இருப்பதை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் சுமாராக இருப்பவரைத்தான் ரிவ்யூவில் எழுப்பி நிற்க வைப்பார்கள்.

இதனால் டார்கெட் தொல்லை ஒழிந்துவிடாது. அது தனி ஆளால் தீரும் விஷயம் இல்லை, சங்கம் பேச வேண்டியது. சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் சங்கத்தைத் திட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நான் செய்வதால் யாருக்காவது பயன் இருக்கிறதா என்றே தெரியவில்லையே?

பயன் இருக்கிறது, நீங்கள் அதைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் இருக்கலாம். ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார், 2007இல் வெளியானது. பல்கலைக்கழகத்துக்காகப் போன் போட்டு நன்கொடை கேட்கும் ஊழியர்களிடம் நடந்த சோதனை அது. அந்த நன்கொடையில் உதவித்தொகை வாங்கிப் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில ஊழியர்களோடு சில நிமிடம் பேச வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த ஊழியர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. மாணவரைப் பார்க்காத குழுவிடம் அந்த மாற்றம் இல்லை. சம்பளத்தைக் கூட்டவில்லை, யாரும் உபதேசம் செய்யவில்லை.

கிளையில் அந்த மாணவரைத் தேடி எங்கும் போக வேண்டாம், கவுன்டருக்கே வருவார்கள். ஒரு பெண் வருகிறார். கணவர் இறந்து ஒரு மாதம். கணக்கில் இருக்கும் 2,300 ரூபாயை எடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்கிறார். ஃபாரத்தைக் கொடுத்து, பூர்த்தி செய்து வாங்கி, முடித்து அனுப்பலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கணக்கின் ஸ்டேட்மென்டை மே மாதம் வரை மேலே தள்ளிப் பார்த்தால் 436 ரூபாய் பிடித்தம் ஒன்று கண்ணில் படும். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை இரண்டு லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு. போட்டவருக்கே மறந்திருக்கும், மனைவிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

“அம்மா, கணக்கை இப்ப முடிக்க வேண்டாம், உட்காருங்க” என்று சொல்வதோடு வேலை தொடங்குகிறது. நாமினி பெயர் ‘செல்வி’ என்று இருக்கும், ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்று இருக்கும். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் மாறியிருக்கும். க்ளெய்ம் படிவம், அடையாளச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான சான்று, காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில், அவர்கள் திருப்பி அனுப்பினால் மறுபடி மெயில். டார்கெட் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது. பணம் வரவான அன்று அந்த அம்மா வந்து நின்றால், கட்டம் ஏன் இல்லை என்ற யோசனையே உங்களுக்கு வராது.

இந்த க்ளெய்ம் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் சொல்வதிலேயே முக்கியமானது. முடிந்த க்ளெய்ம்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். அப்புறம் காப்பீடு விற்கும்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

க்ளெய்ம் எப்போதோ ஒன்றுதானே வரும்? மற்ற நாளெல்லாம் கேஷ் கவுன்டரிலேயே கழிகிறது.

சீட்டை மாற்றிக் கேளுங்கள். ஊழியர்களை ஒரே சீட்டில் ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது, சுழற்சியில் மாற்ற வேண்டும் என்பது வங்கிகளின் பாதுகாப்பு ஏற்பாட்டிலேயே இருக்கிறது. சின்னக் கிளைகளில் வசதிக்காக அதை மறந்துவிடுவார்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள், மெயிலில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக் கிளையில் கற்றுக்கொள்ள இரண்டு நல்ல சீட்டுகள் உண்டு. ஒன்று நகைக்கடன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து மாற்று சொல்வதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எதற்கு அடகு வைக்கிறார்கள் என்று ஒரு மாதம் கேட்டாலே அந்த ஊரின் பயிர், காலேஜ் ஃபீஸ், கல்யாணம் எல்லாம் தெரிந்துவிடும். இன்னொன்று மகளிர் சுயஉதவிக் குழுக் கடன். குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை, ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 1992இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் அது ஊன்றி வளர்ந்தது. குழுவின் தீர்மானப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்த அதிகாரிக்குக் கிராமத்தில் இருக்கும் மரியாதை தனி.

சீட்டே மாறாவிட்டாலும் அதற்குள் செய்ய இடம் உண்டு. எமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரை ஒன்று இதில் பிரபலம். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர்களைக் கவனித்தார்கள். சிலர் தரையைத் துடைப்பது மட்டுமே தங்கள் வேலை என்று இருந்தார்கள். சிலர் அதே வேலைக்குள் நோயாளிகளோடும் பார்க்க வருபவர்களோடும் பேசுவது, வழி காட்டுவது என்று தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். வேலையைப் பற்றிய எண்ணம் இந்த இரண்டாவது கூட்டத்திடம் நன்றாக இருந்தது. கிளார்க் என்ற பெயரை, வங்கிகளும் சங்கங்களும் 2024இல் போட்ட ஊதிய ஒப்பந்தத்தில் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பணம் எடுக்க வந்த பெரியவரிடம் ‘நாமினி போட்டிருக்கிறீர்களா ஐயா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதற்கு யாருடைய சர்க்குலரும் வேண்டாம்.

ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கியாளர் தேர்வுகளை எழுதினால் திருப்தி வருமா?

இன்க்ரிமென்ட் வரும், அது நிச்சயம். ஜேஏஐஐபியில் இப்போது நான்கு பேப்பர், பாஸானால் ஊதியத்திலும் பதவி உயர்விலும் உதவும், எழுதிவிடுங்கள். படித்ததைப் பயன்படுத்தும் சீட்டு கிடைத்தால் திருப்தியும் வரும். கடன் பிரிவைப் படித்துவிட்டுக் கேஷிலேயே உட்கார்ந்திருந்தால் எரிச்சல்தான் கூடும். அதனால் ரிசல்ட் வந்த வாரமே சீட்டு மாற்றம் கேட்டு அந்த மெயிலை அனுப்புங்கள்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். என்ன செய்வது?

அவருக்கும் மேலே ஒருவர் வீடியோ கான்ஃபரன்சில் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உண்மை, ஆனால் அது உங்களுக்கு ஆறுதல் ஆகாது. தனியாக, கோபம் இல்லாத நேரத்தில், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போய், “சார், தப்பு இருந்தா கூப்பிட்டுச் சொல்லுங்க, கவுன்டரில் கஸ்டமர் முன்னாடி வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இதற்கே மாறிவிடுவார்கள். மாறாதவர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார். வங்கி வேலையில் இது ஒரு வசதி. பெண் ஊழியரிடம் வரம்பு மீறிய பேச்சோ நடத்தையோ என்றால் அது வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வங்கியிலும் உள் புகார்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பொறுத்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து ராஜஸ்தானுக்குப் போட்டுவிட்டார்கள். இதில் என்ன மனநிறைவு?

முதல் ஆறு மாதம் எதுவும் இருக்காது, அதை எதிர்பார்த்தே போங்கள். அந்த ஊர் மொழியில் எண்களையும், ‘உட்காருங்கள், ஐந்து நிமிடம்’ என்பதையும் முதல் வாரமே கற்றுக்கொண்டால் கவுன்டரில் பாதிச் சண்டை குறையும். இடமாற்ற விண்ணப்பத்தைக் காலக்கெடு தவறாமல் ஒவ்வொரு முறையும் போடுங்கள். கணவன் மனைவி வேலை பார்க்கும் ஊர், மருத்துவக் காரணம் இருந்தால் ஆவணத்தோடு போடுங்கள். இடமாற்றத்தை ஆன்லைனில், விருப்ப ஊர் கேட்டு நடத்துமாறு மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2024 கடைசியில் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. விண்ணப்பம் பதிவில் இருப்பவருக்குத்தான் அது உதவும்.

லீவ் போட்டாலும் வாட்ஸ்அப் விடுவதில்லை.

ரிசர்வ் வங்கியே ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. முறைகேடு நடக்க வாய்ப்புள்ள பொறுப்பில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது பத்து வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது 2021 உத்தரவு. அந்த நாட்களில் அலுவலக மெயில் தவிர வேறு எந்த வேலை சாதனத்தையும் தொடக் கூடாது. ஊழியருக்கு ஓய்வு கொடுக்கக் கொண்டுவந்த விதி இல்லை, மோசடியைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்தது. எதற்காக வந்தால் என்ன? ஒருவர் பத்து நாள் இல்லாவிட்டாலும் கிளை நடக்கும் என்று அதுவே சொல்கிறதே. உங்கள் பொறுப்பு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஊருக்குப் போகும்போது குழுவை மியூட்டில் போடுங்கள். சாவி யாரிடம், எந்த ஃபைல் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போன் தானாகக் குறையும்.

ஐடியில் இருக்கும் நண்பன் இரண்டு மடங்கு வாங்குகிறானே?

வாங்குகிறான். அவனை இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், கிளையன்ட் காலில் இருப்பான்.

இது வெறும் சலிப்பா, அதற்கு மேலா? எப்படித் தெரியும்?

சலிப்பு என்றால் இரண்டாவது சனிக்கிழமை சேர்ந்தாற்போல வந்தால் கொஞ்சம் தெளியும். லீவ் எடுத்தும் தெளியாத களைப்பு, வாடிக்கையாளர் யாரைப் பார்த்தாலும் வெறுப்பு, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நின்றால் அது பர்ன்அவுட்டாக இருக்கலாம். பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தீராத பணி அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. ஆனால் தூக்கம் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, டைரியும் சீட்டு மாற்றமும் பிறகு இருக்கட்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வங்கி ஊழியர்களின் தற்கொலைச் செய்திகளைப் படித்துவிட்டு ‘இதற்கெல்லாமா?’ என்று யாராவது சொன்னால் அவரிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

எல்லாம் செய்து பார்த்தேன், சரிவரவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம், தப்பில்லை. சீட்டு மாறியும், ஊர் மாறியும், மேனேஜர் மாறியும் டைரியில் அதே வரிதான் வருகிறது என்றால் வேலைதான் ஒத்துவரவில்லை. கோபத்தில் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், முதலில் காகிதங்களைப் பாருங்கள். சேரும்போது, இத்தனை வருடத்துக்குள் விட்டால் பணம் கட்டுகிறேன் என்று பாண்ட் போட்டிருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை? அதிகாரி என்றால் நோட்டீஸ் பெரும்பாலும் மூன்று மாதம். ஐந்து வருடம் முடியச் சில மாதம்தான் இருக்கிறது என்றால் கிராஜுவிட்டிக்காகப் பொறுக்கலாம். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கு அடுத்த வேலைக்கும் கூடவே வரும்.

பலர் கடைசி நேரத்தில் திடுக்கிடுவது வீட்டுக் கடனில். ஊழியருக்கான சலுகை வட்டியில் வாங்கிய கடன், வேலையை விட்டதும் வழக்கமாகப் பொது வாடிக்கையாளர் வட்டிக்கு மாறிவிடும், சில இடங்களில் முழுவதும் கட்டச் சொல்வார்கள். உங்கள் சேங்ஷன் லெட்டரில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள், புதிய இஎம்ஐ எவ்வளவு என்று கடன் பிரிவில் இருக்கும் நண்பரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். அந்தத் தொகை புதிய சம்பளத்தில் அடங்கினால் கடிதத்தை எழுதலாம்.